தினமும் ஓட்ட ஒரு பைக்: வண்டி பார்ப்பதிலிருந்து மழைக்கோட்டு வரை

முதல் தடவை பைக் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கையில் இருக்கிற பணம் அத்தனையையும் வண்டிக்கே கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் இன்சூரன்ஸுக்குக் கடன், ஹெல்மெட் என்று கிடைத்ததில் மலிவான ஒன்று, மழைக்கோட்டுக்குக் காசே இல்லை. முதல் மழையிலேயே வண்டி வீட்டில் நின்றுவிடும். தினமும் வேலைக்குப் போய்வர வாங்குகிற வண்டி எல்லா நாளும் கிளம்ப வேண்டும். அதனால் வண்டி, பேப்பர், உடை மூன்றுக்கும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

நான் வாங்கியது பழைய வண்டி. முந்தைய உரிமையாளர் கடனை எப்போதோ அடைத்துவிட்டார். ஆனால் பதிவில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் நீக்கப்படாமலே கிடந்தது. அதை நீக்கி, என் பெயருக்கு மாற்றி முடிப்பதற்குள் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கிய வண்டியை வாசலில் நிறுத்திவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு எரிச்சல் என்று எனக்குத் தெரியும். அது உங்களுக்கு வேண்டாம்.

படிவங்களின் பெயரும் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும். கேட்க வேண்டிய கேள்விகள் எங்கும் ஒன்றுதான்.

1. பணத்தை முதலிலேயே பிரித்துவையுங்கள்

உங்களிடம் இருக்கிற மொத்தத் தொகையை எழுதி, அதில் கால் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மீதி முக்கால்தான் வண்டிக்கு. அந்தக் கால் பங்கில் வர வேண்டியவை: பதிவு அல்லது பெயர் மாற்றக் கட்டணம், வரி, இன்சூரன்ஸ், ஹெல்மெட், கையுறை, மழை உடை. பழைய வண்டி என்றால் டயர், செயின் செட், பேட்டரி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை வாங்கிய உடனே மாற்ற வேண்டியிருக்கும். அதுவும் இதற்குள்தான்.

புது வண்டி வாங்குகிறவர்கள் விளம்பர விலையை நம்பிக் கிளம்பாதீர்கள். வண்டி சாலைக்கு வரும்வரை ஆகிற மொத்தச் செலவை, ஒவ்வொரு தலைப்பாகப் பிரித்து எழுத்தில் கேளுங்கள். சீட் கவர், ஸ்டிக்கர், பாலிஷ் என்று நீங்கள் கேட்காதவை அதில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். கடனில் வாங்கினால் மாதத் தவணையை மட்டும் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். கடைசித் தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பீர்கள் என்பதைக் கேளுங்கள்.

இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். அடுத்தவருக்கு நேரும் சேதத்தை மட்டும் ஈடுகட்டுவது ஒரு வகை. உங்கள் வண்டி விழுந்தாலும் திருடு போனாலும் கொடுப்பது இன்னொரு வகை. புது வண்டிக்கு இரண்டாவது வகைதான் சரி. மிகப் பழைய வண்டிக்கு, ஆண்டுக்கு ஆகும் கூடுதல் பிரீமியத்தையும் வண்டியின் இன்றைய மதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பணம் பற்றவில்லை என்றால் வண்டியின் வயதில் விட்டுக்கொடுக்கலாம், நிறத்தில் விட்டுக்கொடுக்கலாம். டயரிலும் ஹெல்மெட்டிலும் வேண்டாம்.

2. போகிற பாதையைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள்

நகருக்குள் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற பாதைக்கு 100 முதல் 125 சி.சி. போதும். எடை குறைவு, எரிபொருள் மிச்சம், திருப்புவது எளிது. தினமும் நெடுஞ்சாலையில் லாரிகளோடு ஓட வேண்டியிருந்தால் 150 சி.சி.க்கு மேல் போங்கள். 80 கி.மீ. வேகத்திலும் முந்துவதற்குக் கொஞ்சம் சக்தி மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் ஓட்டுநர் உரிமம் எந்த வகை வண்டிக்குச் செல்லும் என்பதையும் இப்போதே பாருங்கள். தகுதியில்லாத வண்டியை ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கை விரித்துவிடும்.

உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு பாதங்களின் முன்பகுதியும் தரையில் அழுத்தமாகப் பதிய வேண்டும். பிறகு இறங்கி, எஞ்சினை அணைத்து, வண்டியைப் பின்னால் தள்ளி ஒரு வட்டம் திருப்புங்கள். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் போட்டுப் பாருங்கள். தினமும் காலையில் பார்க்கிங்கில் செய்யப்போவது இந்த வேலைதான். கடையில் யாரும் இதைச் செய்யச் சொல்ல மாட்டார்கள், நீங்களே கேட்டுச் செய்யுங்கள்.

மழையில் ஓட்டுவீர்கள் என்றால் இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். பின் மட்கார்டு குட்டையாக, ஸ்டைலாக வெட்டப்பட்ட வண்டியில் சேற்றுத் தண்ணீர் முழுக்க உங்கள் முதுகில்தான் ஏறும். முன் மட்கார்டு குட்டையாக இருந்தால் எஞ்சினிலும் காலிலும் அடிக்கும். செயின் முழுக்க மூடியிருக்கிற வண்டிக்குச் செயின் பராமரிப்பு வெகுவாகக் குறையும். டியூப்லெஸ் டயர் இருந்தால் ஆணி குத்தினாலும் காற்று உடனே இறங்காது. ஏ.பி.எஸ். இருக்கிற மாடலுக்கும் இல்லாத மாடலுக்கும் நடுவே தடுமாறினால், இருப்பதை எடுங்கள். ஈரச் சாலையில் பதறி பிரேக்கை இறுக்கிப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். வேறு வசதிகள் எல்லாம் அதற்குப் பிறகு.

3. பழைய வண்டியைப் பகலில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள்

மழை நாளில் பார்க்காதீர்கள். நனைந்த பெயிண்டில் கீறலும் தெரியாது, ஆயில் கசிவும் தெரியாது. வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். போனதும் சைலன்சருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அடித்தால், ஆறிய எஞ்சின் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் இருக்கலாம். ஆறும்வரை காத்திருங்கள் அல்லது இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைக் கவனியுங்கள். காலைக் குளிரில் லேசாக வெள்ளை ஆவி வந்து மறைவது சாதாரணம். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அதைச் சரிசெய்ய ஆகும் செலவு சிறியதல்ல.

ஏ.பி.எஸ். வண்டி என்றால் சாவியைத் திருப்பியதும் மீட்டரில் அந்த விளக்கு எரிய வேண்டும். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் தானாக அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. முதலிலிருந்தே எரியவில்லை என்றால் இன்னும் மோசம், கோளாறு தெரியக் கூடாதென்று யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம்.

விழுந்த வண்டியா என்று பார்க்க டேங்கைப் பார்க்காதீர்கள், அது பெயிண்ட் அடித்து வந்திருக்கும். ஹேண்டில்பாரின் நுனி, பிரேக் லிவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் ஓரம் ஆகியவற்றில் தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில்பாரை முழுக்க இடது பக்கமும் வலது பக்கமும் திருப்பி, கழுத்துப் பகுதியில் அது போய் முட்டி நிற்கிற சிறு இரும்புத் துண்டைப் பாருங்கள். அது நசுங்கியோ உடைந்தோ இருந்தால் வண்டி பலமாக அடிபட்டிருக்கிறது. முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது.

பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் சுற்றும் பல்சக்கரம்) பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுங்கள். பல்லிலிருந்து பாதிக்கு மேல் விலகி வந்தால் செயின் செட் முழுவதும் மாற்ற வேண்டும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 3522 என்றால் 2022ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பழைய டயரின் ரப்பர் கெட்டியாகிவிடும், ஈரத்தில் பிடிக்காது. செயின், டயர், ஆயில் சீல் போன்ற தேய்மானங்கள் வண்டியை வேண்டாம் என்று சொல்வதற்கான காரணங்கள் அல்ல, விலையைக் குறைப்பதற்கான காரணங்கள்.

ஆனால் சீட்டைக் கழற்றிப் பார்த்து, ஒயர் கனெக்டர்களுக்குள் வண்டல் படிந்திருந்தால், மீட்டர் கண்ணாடிக்கு உள்ளே நீராவி கோத்திருந்தால், திரும்பி நடந்துவிடுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியின் ஒயரிங் கோளாறு எந்த மெக்கானிக்கிடம் போனாலும் முழுதாகத் தீராது.

4. பேப்பர் முடியாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்

வண்டியைப் பார்ப்பதற்குச் செலவழித்த நேரத்தைவிட அதிக நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

பதிவுச் சான்றில் இருக்கிற பெயரும், உங்கள் எதிரில் நிற்பவரின் அடையாள அட்டையில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நண்பருக்காக விற்கிறேன், அண்ணன் வெளியூரில் இருக்கிறார் என்று சொன்னால், உரிமையாளரே கையெழுத்துப் போட வரும் நாளில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். சான்றில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் பொறித்திருக்கிற எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்டில்பார் கழுத்துக்குப் பக்கத்தில், 17 எழுத்துகளும் எண்களுமாக இருக்கும். எஞ்சின் எண்ணையும் பாருங்கள். தேய்த்தோ சுரண்டியோ இருந்தால் பேச்சையே அங்கே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது கடன். “கடன் அடைத்தாச்சு” என்ற வார்த்தை போதாது. கடன் முடிந்ததற்கான கடிதம் கையில் இருக்க வேண்டும். அதோடு, பதிவிலிருந்தே அந்த நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலைகள். கடிதம் மட்டும் இருந்தால், நீக்குகிற வேலையை விற்பவர் முடித்துத் தரும்வரை பணத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கடிதங்களுக்குக் காலக்கெடுவும் இருக்கலாம். பழைய தேதியிட்டது என்றால் செல்லுமா என்று பதிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

நிலுவையில் அபராதம் இருக்கிறதா, வரி எதுவரை கட்டியிருக்கிறது, புகை அல்லது தகுதிச் சோதனைச் சான்று எப்போது முடிகிறது என்பதையும் விசாரியுங்கள். இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்குங்கள்.

விற்பனை ஒப்பந்தத்தில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். அன்று காலையில் நடந்த விதிமீறலுக்கு மாலையில் வாங்கிய நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டர், சேஸிஸ் எண், கொடுத்த தொகை, பாக்கித் தொகை எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். இரண்டு பிரதி, இரண்டிலும் இருவர் கையெழுத்து. பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அதுவே ஒரு சாட்சி.

பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் பணம் கொடுத்த அன்றே அல்லது மறுநாளே கொடுத்துவிடுங்கள். இதற்குக் கெடு உண்டு, தாண்டினால் அபராதம். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இன்சூரன்ஸ் தானாக உங்கள் பெயருக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியைச் சாலையில் இறக்குவதற்கு முன்பே பாலிசி உங்கள் பெயரில் தொடங்கியிருக்க வேண்டும். வார இறுதியில் வண்டி எடுக்கப்போகிறீர்கள் என்றால் வியாழக்கிழமையே இந்த வேலையைத் தொடங்குங்கள். சனி, ஞாயிறுகளில் அலுவலகத்தில் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள்.

5. ஹெல்மெட்

வண்டி கைக்கு வருவதற்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். வண்டி எடுத்து வீட்டுக்கு வருகிற அந்த முதல் பயணத்துக்கே அது வேண்டும்.

உங்கள் இடத்தில் சட்டம் கேட்கும் தர முத்திரை கட்டாயம். அதற்கு மேல், பல நாடுகள் ஏற்கும் ஹெல்மெட் தரமான இ.சி.இ. 22.06 முத்திரை இருந்தால் நல்லது. வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். அந்த எண் எந்த நாடு அனுமதி கொடுத்தது என்பதைக் குறிக்கும், தர வரிசையை அல்ல. தாடைவரை மூடும் ஹெல்மெட்டே மழைக்கு ஏற்றது. திறந்த முகத்தில் மழைத்துளி வேகத்தில் ஊசி மாதிரி குத்தும்.

புதிதாக இருக்கும்போது கன்னம் இரண்டும் அழுந்த வேண்டும், நெற்றியில் ஒரே இடத்தில் வலிக்கக் கூடாது. வாரை மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து முன்பக்கமாக உருட்டித் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்கள் அளவு அல்ல. கடையிலேயே பத்து நிமிடம் மாட்டியிருங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு. வைசர், அதாவது ஹெல்மெட்டின் முன்பக்கத் தகடு, நிறமில்லாததாக இருக்கட்டும். மழை மேகத்திலும் மாலை இருட்டிலும் கறுப்பு வைசர் ஆபத்து. மூச்சுக்காற்றில் பனி படியாமல் இருக்க உள்பக்கம் ஒட்டும் இரட்டைத் தகடு கிடைக்கிறது. மழைக்காகச் செலவிடும் பணத்தில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

பயன்படுத்திய ஹெல்மெட்டை இரவல்கூட வாங்க வேண்டாம். ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே ஒன்றும் தெரியாமலே உள் நுரை நசுங்கியிருக்கும்.

6. மழை உடை: சீசனுக்கு ஒரு மாதம் முன்பே வாங்குங்கள்

மழை தொடங்கிய வாரத்தில் கடைக்குப் போனால் உங்கள் அளவு இருக்காது, இருப்பதும் கூடுதல் விலை.

மேலே மாட்டும் கோட்டும் பேண்ட்டும் தனித்தனியாக இருப்பதை வாங்குங்கள். நீளமான ஒற்றை அங்கி காற்றில் படபடக்கும், பின் சக்கரத்திலும் செயினிலும் சிக்கும். வாங்கும்போது தினமும் போடும் உடையோடும் ஜாக்கெட்டோடும் போய், அதற்கு மேலே மாட்டி, வண்டியில் உட்கார்ந்திருப்பது போல் முழங்காலை மடக்கிப் பாருங்கள். நின்றால் கணுக்கால்வரை வரும் பேண்ட், உட்கார்ந்தால் அரை அடி மேலே ஏறிவிடும். அந்த இடைவெளி வழியாகத்தான் ஷூவுக்குள் தண்ணீர் இறங்கும்.

துணி தண்ணீர் புகாததாக இருந்தால் மட்டும் போதாது. தண்ணீர் புகுவது தையலில். கோட்டை உள்வெளியாகத் திருப்பி, ஒவ்வொரு தையலின் மேலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முக்கியமாக பேண்ட்டின் இடுக்குப் பகுதியை. மழையில் சீட்டில் தேங்கும் தண்ணீர் உடல் எடையால் அழுத்தப்பட்டு அங்கேதான் உள்ளே போகும். ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்பு மூடி இருக்க வேண்டும். லேபிளில் 10,000 மி.மீ. என்பது போன்ற எண் இருந்தால், அந்த அளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். தினப் பயணத்துக்கு அது போதும். நிறம் மஞ்சளோ ஆரஞ்சோ. மழையில் லாரி ஓட்டுபவர் கண்ணில் கறுப்புக் கோட்டு படாது.

மழைக்கோட்டு அடியைத் தாங்காது. தோள், முழங்கை, முழங்காலில் பேட் வைத்த ஜாக்கெட்டும் பேண்ட்டும் அதற்குள் இருப்பதே சரி. இந்த உடைகளில் உள்ள சி.இ. என்ற ஐரோப்பியத் தர முத்திரையில் ஏ, ஏஏ, ஏஏஏ என்ற படிநிலை இருக்கும்; ஏ-யைவிட ஏஏ, அதைவிட ஏஏஏ அதிகம் தாங்கும். தினசரிக்கு ஏஏ நல்ல நடு வழி.

கையுறையின் மணிக்கட்டுப் பகுதியைக் கோட்டின் கைக்கு உள்ளே செருகுங்கள். வெளியே விட்டால் கையில் வழியும் தண்ணீர் கையுறைக்குள் போய்த் தேங்கும். ஷூ கவர் வாங்கினால் அடியில் ரப்பர் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக், சிக்னலில் கால் ஊன்றும்போது வழுக்கும், பிரேக் பெடலிலும் வழுக்கும். செல்போன், பேப்பர், சம்பளக் கவர் எதுவானாலும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டே உள்ளே வையுங்கள்.

7. முதல் மழைக்கு முன் வண்டிக்குச் செய்ய வேண்டியது

டயர் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்வதற்கு முன்பே மாற்றுங்கள். புது டயர் முதல் 150 கி.மீ. வரை வழுக்கும், அதனால் மழை வருவதற்குச் சில வாரம் முன்பே போட்டு ஓட்டிவிடுங்கள். ஈரத்தில் பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். காற்றுக் குறைந்த டயர் தண்ணீரை ஒதுக்காமல் அதன் மேல் மிதக்கும். கையேட்டில் சொன்ன அளவே சரி.

பிரேக் ஃபுளூயிட் ஈரத்தை உறிஞ்சும். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். பிரேக் பேட், பின்னால் பிரேக் விளக்கு, ஹாரன் ஆகியவற்றைப் பாருங்கள்.

8. ஈரச் சாலையில்

நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் அரை மணி நேரமே மோசம். சாலையில் படிந்த ஆயிலும் தூசியும் தண்ணீரோடு கலந்து மேலே வரும். முடிந்தால் நிழற்குடையில் நின்று, சாலை கழுவப்பட்ட பிறகு கிளம்புங்கள். ஆனால் பாலத்துக்கடியில் சாலையோரம் நிற்காதீர்கள்.

முன் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமாக 2 விநாடி இடைவெளி என்றால், மழையில் 4 விநாடி. 60 கி.மீ. வேகத்தில் அது சுமார் 67 மீட்டர். வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, இரும்புத் தகடு, தண்டவாளம், வானவில் நிறத்தில் மின்னும் டீசல் கறை: இவற்றின் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், வண்டியைச் சாய்க்காதீர்கள், கியர் மாற்றாதீர்கள். தண்டவாளத்தைக் கூடியவரை நேர்குறுக்காகவே கடந்து போங்கள்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக அழுத்துங்கள். முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்பது தவறு. சாலையில் தேங்கிய தண்ணீரின் ஆழம் தெரியவில்லை என்றால் உள்ளே போகாதீர்கள். முன்னால் போன காரின் சக்கரத் தடத்தில் போனால் தண்ணீர் கொஞ்சம் விலகியிருக்கும். தண்ணீரைத் தாண்டியதும், பின்னால் யாரும் நெருக்கமாக வரவில்லை என்று பார்த்துவிட்டு, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், பேட் காயும்.

9. வீட்டுக்கு வந்ததும்

மழைக்கோட்டை மடித்து சீட்டுக்கடியில் வைக்காதீர்கள், நாறிப்போகும். தையல் டேப்பும் உரிந்துவிடும். நிழலில் தொங்கவிடுங்கள். ஷூவுக்குள்ளும் கையுறைக்குள்ளும் பழைய செய்தித்தாளைத் திணித்து வைத்தால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். ஹெல்மெட்டின் உள்துணியைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் காயவையுங்கள், அடுப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் வேண்டாம்.

செயினைத் துணியால் துடைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே லூப் (செயினுக்கான மசகு எண்ணெய்) அடியுங்கள்; இரவு முழுக்க அது உள்ளே இறங்கட்டும். எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் இந்த வேலை, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லூப் டயரிலோ டிஸ்க்கிலோ தெறித்தால் உடனே துடைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் டிஸ்க் மேல் மெல்லிய துரு படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். கிளம்பியதும் மெதுவான வேகத்தில் இரண்டு மூன்று தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். அது போன பிறகு வேகம் எடுங்கள்.